ஜொகூரில் ஒரு தாளும் ஓர் ஊசியும்

2001 நவம்பரில், ஜொகூரில் திருமணத்துக்கு நாள் குறித்திருந்த முஸ்லிம் மணமக்களிடம் சமய இலாகா புதிதாக ஒரு தாள் கேட்கத் தொடங்கியது. ரத்தம் கொடுத்து எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டதற்கான தாள் அது. அது கையில் இல்லாமல் திருமண விண்ணப்பம் நகராது. மலேசியாவில் இந்த விதியை முதலில் கொண்டுவந்த மாநிலம் ஜொகூர்தான். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. 2009இல் முஸ்லிம்களுக்கு அது நாடு தழுவிய நடைமுறையாகிவிட்டது.

2006 பிப்ரவரியில், அதே மாநிலத்தின் தலைநகரில், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசியும் சிரிஞ்சும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் சம்மதத்தோடு, அரசாங்கத்தின் பணத்தில். முன்னோட்டமாக நாட்டில் மூன்றே இடங்கள் தேர்வாகியிருந்தன: பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு. ஜொகூர் பாருவில் அந்தப் பொறுப்பை ஏற்றது இந்தான் லைஃப் ஸோன் என்ற பொதுநல அமைப்பு.

ஐந்தாண்டுக்குள் ஒரே மாநிலத்தில் நடந்த இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ஜொகூரின் எய்ட்ஸ் கதையைச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். முதலாவதில் அரசாங்கம் மக்களைப் பார்த்து ‘ரத்தத்தைக் காட்டு’ என்றது. இரண்டாவதில் ‘ஐ.சி. எடு’ என்றுகூடக் கேட்காமல் கொடுத்தது. இரண்டும் நல்ல நோக்கத்தில் பிறந்தவை. ஆனால் நோயின் போக்கைத் திருப்பியது இரண்டாவதுதான். அதை எப்படிச் செய்தோம் என்பதை இன்றைக்கு மறந்துவிட்டோம் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததும் அதே ஆண்டில்தான். தமிழர் வாழும் இரு கரைகளுக்கும் ஒரே நேரத்தில் வந்த நோய், இரு கரையிலும் வெவ்வேறு வழியில் பரவியது. தமிழகத்தில் அது லோரி ஓடும் நெடுஞ்சாலைகளோடும் பாலியல் தொழிலோடும் சேர்ந்து பேசப்பட்டது. மலேசியாவில் அது ஊசி முனையில் பரவியது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் வரை, புதிதாகப் பதிவானவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள்.

ஊசி ஏன் அவ்வளவு பரப்பியது என்பதற்கான பதில் சட்டத்தில் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் பதினைந்து கிராம் ஹெராயினுக்குத் தூக்கு என்று கடுமையாக்கப்பட்டது எண்பதுகளில். பிடிபட்ட போதைப் பித்தர்களுக்கு ஈராண்டுக் கட்டாய மறுவாழ்வு. செரெந்தி மையங்கள் என்று பெயர். வியாபாரி என்று சந்தேகிக்கப்பட்டவர்களை 1985ஆம் ஆண்டின் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிக் கொண்டுபோய் வைத்த இடமான சிம்பாங் ரெங்கம் ஜொகூரில்தான் இருக்கிறது. குளுவாங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்படிப்பட்ட காலத்தில் சட்டைப்பையில் ஒரு சிரிஞ்சு இருப்பதே ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் யாரும் சொந்த ஊசியோடு நடமாடவில்லை. பாலத்துக்கு அடியிலோ கைவிடப்பட்ட கடைவீட்டிலோ எங்காவது ஒளித்து வைத்த ஒரே ஊசியை ஐந்தாறு பேர் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். நடுவில் குழாய்த் தண்ணீரில் ஓர் அலசல். ஊசிக்குழலுக்குள் தங்கிவிடும் ஒரு சொட்டு ரத்தத்துக்கு அந்த அலசல் ஒன்றும் செய்யாது.

2002இல் மட்டும் நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவானது. ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேர். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உயர்ந்ததில்லை. அந்த எண்ணிக்கையின் ஒரு பகுதி சிறைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் எல்லாரையும் சோதித்ததால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடித்து வைத்தவர்களைச் சோதித்தால் பிடித்து வைத்தவர்களிடம்தான் நோய் தெரியும். வீட்டில் இருந்த மனைவியை யாரும் சோதிக்கவில்லை.

அந்த மனைவிகளைப் பற்றிப் பிறகுதான் தெரியவந்தது. தொடக்கத்தில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் புதிய நோயாளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். கணவன் எப்போதோ போட்ட ஊசியை அறியாதவர்கள், அல்லது ஊசியை அறிந்தும் அதில் இந்த நோயும் இருக்கும் என்று அறியாதவர்கள். கணவன் இருமி இருமிக் காசநோய் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, அங்கே டாக்டர் தனியே அழைத்துச் சொன்னபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

அந்தக் காலத்து வீடுகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் இடம்பெயர்ந்த ஆண்டுகள் அவை. தோட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் டிரஸர் ஐயா பார்ப்பார், கிராணி பார்ப்பார், கோயில் பூசாரி வந்து திருநீறு பூசுவார். ஊரே கூடிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அடுக்குமாடியில் அது இல்லை. நோய் வந்தவனின் தட்டும் தம்ளரும் தனியாக ஒதுக்கப்பட்டன. அவன் துணியைத் தொட அக்கா தங்கைகூடத் தயங்கினார்கள். இறந்துபோனால் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டி மூடி வரும். திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். குளிப்பாட்டாமல், வாய்க்கரிசி போடாமல், முகம் பார்க்காமல் அனுப்பிவைத்த தாய்மார்கள் உண்டு. கேட்டவர்களிடம் நிமோனியா என்றார்கள், மஞ்சள் காமாலை என்றார்கள். பொய் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

அச்சத்தை வளர்த்ததில் அன்றைய விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. எய்ட்ஸ் என்றால் சாவு என்பதுதான் செய்தி. 1987இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிங்க் டிரையாங்கிள் என்ற அமைப்பும், 1992இல் உருவான மலேசிய எய்ட்ஸ் மன்றமும் வேறு குரலில் பேச முயன்றன. மன்றத்துக்கு 1993 முதல் பன்னிரண்டு ஆண்டு தலைவராக இருந்த மரினா மகாதீர், பிரதமரின் மகளாக இருந்ததால் மட்டுமே சில கதவுகள் திறந்தன என்பது உண்மை. திறந்த கதவுக்குள் போய் ஆணுறை, பாலியல், போதை என்று யாரும் பேசத் துணியாததைப் பேசியது அவருடைய துணிவு.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். திருமணத்துக்கு முன் சோதனை என்ற எண்ணத்தின் பின்னால் இருந்தது அந்த அப்பாவி மனைவிகளைக் காப்பாற்றும் அக்கறை. அதைக் குறை சொல்ல மாட்டேன். தாள் தொற்று உண்டு என்று சொன்னாலும் திருமணத்துக்குத் தடை இல்லை, ஆலோசனை மட்டுமே என்பதும் சட்டத்தில் இருந்தது. சில பெண்கள் அந்தத் தாளால் தப்பியிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனை ஒரே ஒரு நாளின் ரத்தத்தைத்தான் பார்க்கிறது. தொற்று உடலுக்குள் வந்து சில வாரங்கள் வரை சோதனையில் தெரியாமலும் போகலாம். கல்யாணத்துக்குப் பிறகு வரும் பத்து, இருபது ஆண்டுகளை எந்தத் தாளும் காவல் காக்காது. இன்னொன்று, 2001இல் ‘உண்டு’ என்று தாள் வந்தவனுக்குக் கொடுக்க அரசாங்கத்திடம் மருந்து போதவில்லை. கண்டுபிடிப்பது சுலபமாகவும் காப்பாற்றுவது அரிதாகவும் இருந்த காலம் அது. ஆகவே பலர் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கான வழியைத் தேடினார்கள்.

போதையை நோயாகப் பார்த்து மருந்து கொடுக்கும் மாற்றத்துக்கு ஒரு விதை வேறொரு ஊரில் விழுந்தது. மூவார், கோப்பிக் கடைகளுக்கும் மரத்தளவாடங்களுக்கும் பேர்போன ஆற்றங்கரைப் பட்டணம். அங்கே மனநல மருத்துவர் மாஹ்முத் மஸ்லான் நடத்திய போதைச் சிகிச்சை மையத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு மருத்துவச் சோதனை நடந்தது. ஹெராயினை விட்டு வெளியே வந்த 126 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் புப்ரெனார்ஃபின், இன்னொன்றுக்கு நால்ட்ரெக்ஸோன், மூன்றாவதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மூன்று பிரிவுக்கும் ஆலோசனை உண்டு. இருபத்திரண்டு மாதங்கள் ஆள் சேர்த்த பிறகு, புப்ரெனார்ஃபின் மற்றவற்றைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததால், மற்றவர்களைத் தொடர்ந்து காக்க வைப்பது சரியல்ல என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2008இல் லான்செட் இதழில் அது வெளியானது. மூன்று பிரிவினரிடமும் எச்.ஐ.வி. தொற்றும் அபாயமுள்ள பழக்கங்கள் குறைந்திருந்தன என்ற செய்தியும் அதில் இருந்தது. சிறையும் பிரம்படியும் செய்யாததை ஒரு மாத்திரையும் உட்கார்ந்து பேசும் ஒரு மனிதரும் செய்ய முடியும் என்பதற்கு உலகம் கேட்ட சான்று, மூவாரிலிருந்து போயிருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அரசாங்கத்தைத் திருப்பியது வேறொரு சங்கடம். ஐ.நா.வின் மில்லேனிய இலக்குகளில் வறுமை, கல்வி, தாய் சேய் நலம் என்று பலவற்றில் மலேசியா முன்னணியில் நின்றது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலக்கு மட்டும் கைநழுவிக்கொண்டிருந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் சுவா சொய் லெக். ஜொகூர்க்காரர், லாபிஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் அடிபா கமருல்ஸமான் போன்ற மருத்துவர்களும் எய்ட்ஸ் மன்றத்தினரும் ஆண்டுக்கணக்கில் வாதாடி வந்ததை 2005இல் அமைச்சு ஏற்றது. அந்த ஆண்டு அக்டோபரில், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தின் முன்னோட்டம், அடுத்த பிப்ரவரியில் ஊசி. போதை ஒழிப்பையே தேசியக் கொள்கையாக வைத்திருந்த ஒரு நாடு, பித்தனின் கையில் தானே ஊசியைக் கொடுப்பதா என்று சமய அமைப்புகள் கேட்டன, காவல்துறை கேட்டது, நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிரைக் காப்பது முதல் கடமை, திருத்துவது அடுத்தது என்ற பதிலை மெல்ல மெல்ல சமய அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டார்கள். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில் விக்னசிங்கம் போன்ற நம்மவர்களும் அந்த மாற்றத்தின் வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஊசி கொடுக்கும் வேலையைச் செய்தவர்களில் பலர் முன்னாள் பித்தர்கள். ஒளியும் இடமெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்த நேரத்தில் போனால் ஆள் தெளிவாக இருப்பான், எந்த நேரத்தில் போனால் அடிப்பான் என்பது தெரியும். தோள்பையில் ஊசிப் பொட்டலம், ஆல்கஹால் துணி, பயன்படுத்திய ஊசியைப் போட மஞ்சள் டப்பா. பழைய ஊசியைக் கொடுத்தால் புதியது கிடைக்கும். நாலாவது, ஐந்தாவது தடவை பார்க்கும்போதுதான் எதிரே இருப்பவன் வாயைத் திறந்து, ‘அண்ணே, கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது’ என்பான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு நடையும். புண்ணிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து ரத்தச் சோதனை, சோதனையிலிருந்து மருந்து. அதிகாரம் கட்டாயப்படுத்தி எடுத்த சோதனையிலிருந்து ஓடியவன், தன்னை மனிதனாகப் பார்த்த ஒருவன் கேட்டதும் கையை நீட்டினான்.

மெத்தடோன் கவுண்டரை ஒருநாள் காலையில் நின்று பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அரசாங்கக் கிளினிக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு சன்னல். எட்டு மணிக்கு முன்பே பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பாதுகாவலர் சீருடையில் ஒருவர், மீன் சந்தையிலிருந்து நேரே வந்தவர் ஒருவர், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவர் ஒருவர். உள்ளே இருக்கும் மருந்தாளுநர் பெண் அட்டையைப் பார்த்து, அவரவருக்கு எழுதிய அளவில் சர்க்கரைப்பாகு மாதிரியான திரவத்தைச் சிறு கோப்பையில் ஊற்றி நீட்டுவார். அவர் முன்னாலேயே குடிக்க வேண்டும். குடித்ததும், ‘அங்கிள், சாப்பிட்டாச்சா?’ என்று ஏதாவது கேட்பார். அது அக்கறையும்தான், வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் விற்றுவிடாமல் விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பதும்தான். பதில் சொல்ல வாய் திறந்தால் தெரிந்துவிடும். நாள் தவறாமல் வந்து நம்பிக்கை பெற்றவர்களுக்குச் சில நாளைய மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். மெத்தடோன் போதையை ஒழித்துவிடவில்லை. அன்றைய நாளை வலியில்லாமல், திருடாமல், ஊசி தேடாமல் கழிக்க வைக்கிறது. வேலைக்குப் போக முடிகிறது. ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதை இழந்து நின்ற வீடுகள் அறியும்.

பலன் எண்ணிக்கையிலும் தெரிந்தது. 2002இல் ஏழாயிரத்தை நெருங்கிய புதிய தொற்று, 2010இல் 3,652. ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே நடத்தும் கணக்கெடுப்பில் 2009இல் நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்குத் தொற்று இருந்தது. 2017இல் அது பதின்மூன்று அளவுக்கு இறங்கியது. இன்று நாட்டில் புதிதாகப் பதிவாகும் தொற்றில் ஊசி வழியே வருவது மிகச் சிறு பங்கு. இருபது ஆண்டில் ஒரு நாடு இப்படித் திரும்பியதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மருந்தின் கதைக்குள் இந்தியாவும் வருகிறது. 1996இல் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. அடங்கும் என்று உலகம் அறிந்துகொண்டது. விலைதான் எட்டவில்லை. 2003இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் இருந்த தன் உரிமையைப் பயன்படுத்தி, மும்பையின் சிப்லா நிறுவனத்திடமிருந்து டிடானோசின், சிடோவுடின் முதலிய மருந்துகளின் மலிவான வகைகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஆசியாவில் எய்ட்ஸ் மருந்துக்காக இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலர் ஆன செலவு 58 டாலராக இறங்கியது. அடுத்து 2006 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முதல்கட்ட மருந்து இலவசம்.

அந்த முதல் மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு அவற்றின் கொடுமையும் தெரியும். ஸ்டாவுடின் கன்னத்துச் சதையைக் கரைத்துவிடும். இரண்டு கன்னமும் உள்ளே போய், எலும்பு துருத்தி, பார்த்தவுடனேயே ‘அந்த ஆள்’ என்று தெரிந்துவிடும். உயிரைக் காத்த மருந்தே முகத்தில் எழுதிக் காட்டிக்கொடுத்தது. பிறகு வந்த எஃபாவிரென்ஸை இரவில் விழுங்கிவிட்டுப் படுத்தால் தலை சுற்றும், விடிய விடியக் கனவு துரத்தும். இப்போது டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. 2020இல் நடந்த உரிம ஒப்பந்தம் ஒன்று அதன் மலிவான வகை மலேசியாவுக்கு வர வழி திறந்தது. தவறாமல் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான இணைகளைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்ன முடிவு இது. இதை ஒரு சோதிடர் சொன்னால் நம்பும் நம் மக்கள், டாக்டர் சொன்னால் நம்பத் தயங்குகிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

கர்ப்பிணிகளின் கதை இந்த வரலாற்றில் மிக அழகான பகுதி. 1998 முதல் அரசாங்கத் தாய் சேய் கிளினிக்குகளில் பதிவு செய்ய வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்கிறார்கள். ரோஸ் நிறப் பதிவுப் புத்தகத்தில் ரத்த வகை, இரும்புச் சத்து, சர்க்கரை இவற்றோடு அதுவும் ஒரு வரி. மிஸி என்று நாம் அழைக்கும் தாதி ஒரே குத்தில் எடுத்த ரத்தம் எல்லாவற்றுக்கும் போகிறது. தனியே கூப்பிட்டு, தனியே சந்தேகப்பட்டு யாரும் செய்வதில்லை. எல்லாருக்கும் செய்வதால் யாருக்கும் அவமானம் இல்லை. தொற்று இருந்தால் தாய்க்கு மருந்து, பிறந்த குழந்தைக்கு மருந்து, தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம், அதன் மேற்கு பசிபிக் வட்டாரத்தில் தாய்வழி எச்.ஐ.வி.யையும் மேகநோயையும் ஒழித்த முதல் நாடு என்று மலேசியாவுக்குச் சான்றளித்தது. பத்துப் பஹாட்டிலும் சிகாமட்டிலும் தோட்டச் சாலையோரக் கிளினிக்குகளில் வேலை பார்த்த மிஸிமார்களின் உழைப்புக்குக் கிடைத்த சான்று அது. திருமணத் தாளுக்கும் இந்தச் சோதனைக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால், ஊசி குத்திய அதே கை மருந்தையும் எடுத்துக் கொடுத்தது என்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய தொற்று ஏன் குறையவில்லை? 2010இல் 3,652. 2022இல் 3,177. 2023இல் 3,222. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டாகக் கோடு அநேகமாக அதே உயரத்தில் நிற்கிறது. நிற்கும் கோட்டுக்குள் ஆட்கள் மாறிவிட்டார்கள். இப்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலுறவு வழியாகத் தொற்றியவர்கள். பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். அவர்களில் அதிகம் பேர் ஆண்களோடு உறவுள்ள ஆண்கள். அவர்களிடையே 2009இல் நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக இருந்த தொற்று, 2017 கணக்கெடுப்பில் இருபத்தொன்றைத் தாண்டியிருந்தது. போதையும் மாறிவிட்டது. ஹெராயின் போய் ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் வந்தது. அதைப் புகைக்கிறார்கள், பெரும்பாலும் ஊசி வேண்டாம். ஐஸுக்கு மெத்தடோன் மாற்றாகாது. நாம் அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த சாவி, புதிய பூட்டுக்குச் சேரவில்லை.

அன்று ஊசிக்காரனைச் சட்டம் ஒளிய வைத்தது. இன்று இந்த இளைஞர்களைச் சட்டமும் வீடும் சேர்ந்து ஒளிய வைக்கின்றன. ஆணுக்கு ஆண் உறவு இங்கே தண்டனைக்குரிய குற்றம். அதைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். நோய்க்குக் கருத்து கிடையாது. பெற்றோருக்குத் தெரியாமல், வேலையிடத்துக்குத் தெரியாமல், சொந்தக்காரர் யாரும் வேலை செய்யாத ஊரின் கிளினிக்கைத் தேடி, குளுவாங் பையன் ஜொகூர் பாருவுக்கும் ஜொகூர் பாருப் பையன் மலாக்காவுக்கும் மருந்து வாங்கப் போகிற நிலை இருக்கிறது. தொற்று உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதில் மலேசியா ஓரளவு முன்னேறியிருக்கிறது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு வைரஸ் நன்றாகவே அடங்குகிறது. தெரிந்தவர்களை மருந்துக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைக்கும் நடுப்படியில்தான் நாம் வழுக்குகிறோம். மருந்து இலவசம். அந்த வாசலுக்கு வருவதற்கு ஆகும் விலை வேறு.

நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டுத் தற்காத்துக்கொள்ளும் மாத்திரையை, பிரெப் என்பார்கள், 2023இலிருந்து சில அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். செலவின் பெரும் பங்கு நம் சொந்த வரிப்பணம். வெளிநாட்டு உதவி நின்றுபோனால் மருந்தும் நின்றுபோகும் என்ற அச்சம் பல ஏழை நாடுகளைப் போல நமக்கு இல்லை. இது சாதாரண விஷயமன்று.

ஜொகூருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிள்களில் சிங்கப்பூருக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பும் கூட்டத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் அடக்கம், தொற்று இருந்தால் பெர்மிட் கிடையாது. குறுகிய காலம் வந்துபோகிறவர்களுக்கு இருந்த தடையை 2015இல் நீக்கினார்கள், வேலைக்கு வருகிறவர்களுக்கு நீக்கவில்லை. ஆகவே சிங்கப்பூர்ச் சம்பளத்தை நம்பிக் கார் கடனும் வீட்டுக் கடனும் வாங்கியிருப்பவன், சந்தேகம் இருந்தாலும் சோதித்துப் பார்க்க அஞ்சுகிறான். தெரியாமல் இருந்தால் வேலை இருக்கும் என்று நினைக்கிறான். சிங்கப்பூரின் சட்டத்தை ஜொகூர் மாற்ற முடியாது. ஆனால் ஜொகூர் பாருவில் சோதித்தால் அது ஜொகூர் பாருவிலேயே இருக்கும், முதலாளிக்குப் போகாது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்ல முடியும். கோயில் திருவிழாவில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்கள் போடுகிறோம். பக்கத்தில் ஒரு திரை கட்டி இதையும் பார்க்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கையில் இருக்கும் விஷயம். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அப்போது ஞாயிற்றுக்கிழமை இங்கே அரசாங்கக் கிளினிக் திறந்திருக்கும், சிங்கப்பூரில் வேலை செய்கிறவனுக்கு அன்று விடுமுறை. யாரிடமும் லீவு கேட்காமல், காரணம் சொல்லாமல் போய் மருந்து வாங்கி வரலாம். 2025 ஜனவரியிலிருந்து விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் அது நல்லதுதான். கடற்பாலம் கடந்து உழைப்பவர்களுக்கு மட்டும் அந்த ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஜொகூர் பாருவில் இரண்டு கிளினிக்கையாவது மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலை எட்டிலிருந்து பகல் ஒரு மணி வரை, ரத்தச் சோதனைக்கும் மருந்துக்கும் பிரெப்புக்கும் திறந்து வைக்கும்படி மாநிலச் சுகாதார இலாகாவைக் கேட்டுக்கொள்கிறேன். மெத்தடோனுக்காக ஒரு பக்கவாட்டுச் சன்னலைத் திறக்கத் தெரிந்த மாநிலத்துக்கு, இதற்கு ஒரு மருந்தாளுநரும் ஒரு மிஸியும் ஒரு டாக்டரும் போதும்.